ரவுட்டரில் பழியைப் போட்டு மூன்று கிழமை அலைந்தேன்

எங்கள் வீடு ஆரையம்பதியில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது. நான் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். கணவர் கட்டாரில். மகளுக்கு இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை, பாதி வகுப்பு சூமில்தான். மாமிக்குப் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ரீவி வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, மாதம் 100 ஜிபி பக்கேஜ். வழமையாக மாத முடிவில் இருபது, இருபத்தைந்து ஜிபி மிஞ்சிக் கிடக்கும். அப்படியிருந்த வீட்டில் ஒரு மாதம் 11ஆம் திகதி காலை, நான் வங்கிக் கூற்றுகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், டேட்டா முடிந்துவிட்டது என்று போனுக்குச் செய்தி வந்தது. பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களின் செயலியைத் திறந்து பார்த்தால் உண்மையாகவே பூச்சியம். வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்தேன். "உங்கட வீட்டுப் பக்கத்தாலதான் போயிருக்கு மிஸ்" என்றார் அந்தப் பிள்ளை. அவர் சொன்னது சரி என்பது எனக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது.

மேலதிக டேட்டா வாங்கினேன். நாலு நாளில் அதுவும் போனது. அன்று இரவு லப்டொப்பில் இருந்த இலவச வைரஸ் காவலைத் திறந்து, ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். அதன் பதிவேட்டில் ஒரே மாதிரியான வரிகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. 192.168.1.1 என்ற இடத்திலிருந்து 239.255.255.250 என்ற இடத்துக்கு, யூடிபி, போர்ட் 1900, தடுக்கப்பட்டது. அரை நிமிடத்துக்கு ஒருக்கால் கும்பலாக வருகிறது, நிற்கிறது, திரும்ப வருகிறது. 192.168.1.1 எங்கள் ரவுட்டர் என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அந்த இலக்கம் இருந்தது. மற்ற இலக்கம் யாருடையது? 1900 என்றால் என்ன? இணையத்தில் தேடினேன். யூபிஎன்பி, எஸ்எஸ்டிபி என்று பெயர்கள் வந்தன, தாக்குதல் என்ற சொல்லும் கூடவே வந்தது. நெஞ்சு படபடத்தது. என் லப்டொப்பில் மற்றவர்களின் கம்பனிக் கணக்கு இருக்கிறது, சம்பளப் பட்டியல் இருக்கிறது. யாரோ ரவுட்டருக்குள் புகுந்து இருந்துகொண்டு, அரை நிமிடத்துக்கு ஒருக்கால் என் கதவைத் தட்டிப் பார்க்கிறான் என்றே நம்பிவிட்டேன். அந்த இரவு நித்திரை இல்லை.

அடுத்த நாளிலிருந்து காசு போகத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கும் வைரஸ் காவல் 4,200 ரூபாய். அது ஒன்றையும் பிடிக்கவில்லை, பழைய வரிகளையே வேறு நிறத்தில் காட்டியது. பிறகு பஸ் ஏறி, காத்தான்குடியின் பேரீச்ச மரங்களையும் கல்லடிப் பாலத்தையும் தாண்டி மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்கு லப்டொப்பைக் கொண்டுபோனேன். "வைரஸாத்தான் இருக்கும், அடிச்சுப் போட்டுத் தாறன்" என்று முழுவதையும் அழித்து விண்டோஸைத் திரும்பப் போட்டுத் தந்தார்கள். 2,500 ரூபாய், இரண்டு நாள். கணக்கு மென்பொருளை மீண்டும் ஏற்றி, பைல்களை ஒழுங்குபடுத்த இன்னும் இரண்டு நாள். மாத முடிவுக் கணக்கு பிந்தியது. பத்து வருடத்தில் முதன்முறையாகக் கொழும்பிலிருந்து ஏச்சுக் கேட்டேன். வீட்டுக்கு வந்து லப்டொப்பைத் திறந்த முதல் பத்து நிமிடத்தில் 1900 வரிகள் திரும்ப வந்துவிட்டன.

இதற்குள் நான் இன்னொரு காரியமும் செய்தேன். அதுதான் இன்றுவரை மனதில் குத்துகிறது. பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. அவர்கள் வீட்டில் இணைப்பு இல்லை. வினாத்தாள் இறக்க வேண்டுமென்றால் எங்கள் விறாந்தையில் வந்து இருப்பான், வைஃபை பாஸ்வேர்டை நானே கொடுத்திருந்தேன். இவன்தான் இரவில் படம் இறக்குகிறான் என்று மனம் சொன்னது. ஒரு சாட்சியும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அவன் வந்தபோது, "இனிக் கஷ்டம் தம்பி, எங்களுக்கே போதாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். பாஸ்வேர்ட் மாற்றியதற்காக ரவுட்டரை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டேனா, அடுத்த ஒன்றரை நாள் டேட்டா ஓட்டம் குறைந்தது. "பாத்தீங்களா, அவன்தான்" என்று அவருக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். மூன்றாம் நாள் பழையபடி. ரவுட்டரை நிறுத்திப் போட்டால் நிலைமை சற்று நேரம் சரியாகிப் பிறகு கெடுவதற்கு வேறு காரணம் இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். நிறுத்திப் போட்டவுடன் குறைந்தால், அதற்குச் சற்று முன் நீங்கள் செய்த வேலையால்தான் குறைந்தது என்று முடிவெடுக்காதீர்கள். நான் எடுத்த முடிவு ஒரு பிள்ளையின் படிப்பில் விழுந்தது.

பிறகு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நானே இறங்கினேன். 239இல் தொடங்கும் முகவரிகள் மல்டிகாஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்புவது, என்று எங்கோ வாசித்து, அந்தப் பக்கத்தில் மல்டிகாஸ்ட், ஐஜிஎம்பி என்று எங்கெல்லாம் இருந்ததோ எல்லாவற்றையும் நிறுத்தினேன். 1900 குறையவில்லை, மாமியின் ரீவி நின்றுவிட்டது. ஃபைபர் வயரால் வரும் ரீவி அலைவரிசைகள் வீட்டுக்கு வருவதே மல்டிகாஸ்ட் மூலம்தான், எந்த அலைவரிசை வேண்டுமென்று கேட்பது ஐஜிஎம்பி. எதை நிறுத்தினேன் என்று எழுதி வைக்கவில்லை, அதனால் திருப்பிப் போடவும் தெரியவில்லை. மூன்று நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் கை வைக்க முன் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதுங்கள். கணக்கு எழுதுபவள் நான், இதை நான் செய்யாமல் விட்டேன் என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கடைசியாக, ரவுட்டரே பழுது என்று தீர்மானித்து 15,900 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கினேன். அதைப் பழைய ரவுட்டரான ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் பூட்டி, லப்டொப்பை அதில் இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் பதிவேட்டில் வரிகள் வந்தன. அதே 239.255.255.250, அதே 1900. அனுப்பியது மட்டும் இப்போது 192.168.0.1, புது ரவுட்டரின் முகவரி. பெட்டியை உடைத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. கதிரையில் இருந்து அழுதேன். மகள் பயந்து போய் அக்காவின் மகனுக்கு எடுத்தாள். அவர் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்.

அவர் வரிகளைக் கேட்டுவிட்டுச் சொன்ன முதல் வசனம், "சின்னம்மா, புதுசும் அதையே சொல்லுதெண்டா அது நோய் இல்ல, அதின்ட சுபாவம்." எஸ்எஸ்டிபி என்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் வழி. 1900 அதற்குரிய போர்ட், அதாவது அந்த வேலைக்கென்று கருவியில் உள்ள வாசல் இலக்கம். "நான் ரவுட்டர், இங்கே இருக்கிறேன், என்னிடம் இன்ன வசதி இருக்கிறது" என்று ரவுட்டர் அடிக்கடி சத்தம் போட்டுச் சொல்லும். ஸ்மார்ட் ரீவியும் சொல்லும். போனிலிருந்து ரீவிக்குப் படம் அனுப்பப் போனால் ரீவியின் பெயர் பட்டியலில் வருவதற்கு இதுவும் ஒரு வழி. 239.255.255.250 யாருடைய வீட்டு முகவரியும் இல்லை. 'கேட்க விரும்புகிற எல்லோருக்கும்' என்று அர்த்தம். அது வீட்டுக்குள்ளேயே சுற்றும், ஃபைபர் வயருக்குள் போகாது.

"சரி மனே, அப்ப டேட்டா?" என்றேன். "நீங்களே கணக்குப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். ஒரு செய்தி 400 பைட் என்று வைத்தால், அரை நிமிடத்துக்கு 20 செய்தி, 8,000 பைட். ஒரு நாளில் 2,880 அரை நிமிடங்கள். மொத்தம் 23 எம்பி அளவு. முழுவதும் வெளியே போவதாக வைத்தாலும் மாதத்துக்கு ஒரு ஜிபி வராது. எங்களுக்கு 11 நாளில் மேலதிகமாகப் போனதோ எழுபது ஜிபிக்கு மேல். இந்தப் பெருக்கலை முதல் நாள் இரவே ஒரு துண்டுத் தாளில் செய்திருந்தால் 29,400 ரூபாயில் பெரும்பகுதி என்னிடம் இருந்திருக்கும். வைரஸ் காவல், லப்டொப் அழிப்பு, ரவுட்டர், மேலதிக டேட்டாவுக்குக் கட்டிய 6,800 எல்லாம் சேர்ந்த தொகை அது. நாலு நாள் சம்பளம் தனி.

உங்கள் பதிவேட்டிலும் இப்படி வரிகள் கண்டால் முதலில் முகவரியைப் பாருங்கள். 192.168இல் தொடங்குவது, 10இல் தொடங்குவது, 172.16இலிருந்து 172.31 வரை உள்ளது எல்லாம் வீட்டுக்குள்ளே பாவிக்கும் முகவரிகள். 224இலிருந்து 239 வரை தொடங்குவது மல்டிகாஸ்ட். 224.0.0.1க்கு வருவது பெரும்பாலும் ரவுட்டரின் ஐஜிஎம்பி விசாரிப்பு. 224.0.0.251, போர்ட் 5353 என்றால் எம்டிஎன்எஸ், போனும் பிரின்டரும் தங்கள் பெயரைச் சொல்வது. 224.0.0.252, போர்ட் 5355 என்றால் விண்டோஸ் கணினிகள் பெயர் கேட்பது. இவை எல்லாம் வீட்டுச் சத்தம். இவற்றுக்காக ஒரு சதமும் செலவழிக்காதீர்கள்.

ஆனால் என் பிரச்சினை அதோடு தீரவில்லை. எழுபது ஜிபி எங்கேயோ போயிருக்கிறது. "அத லப்டொப் ஏன் காட்டல்ல?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் என் மூன்று கிழமையையும் ஒரே அடியில் விளக்கிவிட்டது. லப்டொப்புக்குத் தெரிவது லப்டொப்புக்கு வருவதும், எல்லோருக்குமாக இடப்படும் சத்தமும்தான். வீட்டிலுள்ள இன்னொரு கருவி ரவுட்டர் வழியாக வெளியே பத்து ஜிபி அனுப்பினாலும், அது என் லப்டொப்பைத் தொடாமல் போய்விடும். என் கண்ணுக்குப் பட்டதெல்லாம் குற்றமில்லாத சத்தம். குற்றமுள்ளது நான் இருந்த இடத்திலிருந்து பார்க்கவே முடியாத பாதையால் போய்க்கொண்டிருந்தது. நான் தெரிந்ததைத் துரத்தினேன்.

எல்லா வரவு செலவும் ரவுட்டர் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் ஃபைபர் பெட்டியின் நிலைமைப் பக்கத்தில், வெளி இணைப்புக்குக் கீழே, அனுப்பிய பைட், பெற்ற பைட் என்ற இரண்டு எண்களைப் பார்க்கச் சொன்னார். ஒரு வீடு வழமையாகப் பெறுவது அதிகம், அனுப்புவது கொஞ்சம். எங்கள் வீட்டில் அனுப்பியது பெற்றதை விடப் பல மடங்கு. வரவை விடச் செலவு கூடிய ஒரு கணக்குப் புத்தகத்தை நான் அப்போதுதான் முதன்முறையாகத் திறந்து பார்க்கிறேன். இடையில் ஒரு குழப்பம் வந்தது. எண் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று சின்ன எண்ணாகியது. பல பெட்டிகளில் அந்த எண்ணி 4,294,967,295க்கு மேல் எண்ணாது, திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். பெட்டியை நிறுத்திப் போட்டாலும் பூச்சியமாகும். அதனால் நாட்கணக்கில் அல்ல, பத்து நிமிடக் கணக்கில் பாருங்கள்.

அன்று இரவு எல்லோரும் படுத்த பிறகு செய்தோம், அவர் போனில், நான் கொப்பியோடு. முதலில் எல்லாம் போட்டபடி பத்து நிமிடம். பிறகு ரீவியின் வயரைக் கழற்றி, வைஃபையை நிறுத்தி, லப்டொப் மட்டும் வயரில். போன்கள் எல்லாம் தாமாகவே வெளியே. அப்போதும் பத்து நிமிடத்தில் அனுப்பியது 90 எம்பி கூடியது. ஃபைபர் பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வயர். அலுமாரிக்கு மேலே இருக்கும் கமராப் பெட்டிக்குப் போவது. அதைக் கழற்றினேன். எண் அப்படியே நின்றது. பத்து நிமிடத்துக்கு 90 எம்பி என்றால் நாள் முழுவதும் ஓடினால் 13 ஜிபி. பாதி நேரம் ஓடியிருந்தாலே எங்கள் எழுபது ஜிபி கணக்கு நேராக வருகிறது. அந்தச் சாமத்தில், கொப்பியில் இரண்டு பக்கமும் சமப்பட்டதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கமரா, டேட்டா முடிந்த மாதத்துக்கு முந்தின மாதக் கடைசியில் பூட்டியது. கட்டாரிலிருந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை. பூட்டியவர் எல்லாம் செய்துவிட்டார், ஆனால் கட்டாரில் படம் வரவில்லை. நாங்கள் அவசரப்படுத்தினோம். அவர் ரவுட்டருக்குள் போய் ஏதோ செய்தார், படம் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். செய்தது என்னவென்றால், டிஎம்இசட் என்ற அமைப்பில் கமராப் பெட்டியின் முகவரியைப் போட்டுவிட்டார். வெளியிலிருந்து கேளாமல் வரும் எதையும், எந்தப் போர்ட்டுக்கு வந்தாலும், அந்த ஒரு கருவியிடம் அனுப்பிவிடு என்று அர்த்தம். கமராப் பெட்டி வேலி இல்லாமல் நடு வீதியில் வைக்கப்பட்ட மாதிரி. அதன் பாஸ்வேர்டும் வாங்கியபோது இருந்ததே. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. படம் வரவைக்க அதுதான் சுருக்கு வழி.

சனிக்கிழமை அக்காவின் மகன் ஒரு பழைய ஹப் பெட்டியோடு வந்தார். இப்போது கடையில் விற்கும் ஸ்விட்ச் உரியவருக்கு மட்டும் அனுப்பும், பழைய ஹப் வருவதை எல்லா வாசலாலும் அனுப்பும். கமராப் பெட்டியையும் லப்டொப்பையும் அதில் பூட்டி, வயரில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் திறந்தார். வெளியிலிருந்து ஒரு சின்னக் கேள்வி 1900க்கு வருகிறது, கமராப் பெட்டி வரிசையாகப் பெரிய பதில்களை அனுப்புகிறது. 3702க்கும் அப்படியே. அது கமராக்களைக் கண்டுபிடிக்கப் பாவிக்கும் இன்னொரு நெறிமுறை. தூரத்திலிருந்து ஒரு கருவிக்குள் நுழையப் பாவிக்கும் டெல்நெட்டின் 23ஆம் போர்ட்டை யார் யாரோ இடைவிடாமல் தட்டுகிறார்கள். வீட்டுக்குள் நல்லபிள்ளையாக இருந்த அதே 1900, வெளி உலகத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கியதும் ஆயுதமாகிவிட்டது. கேள்வி கேட்பவன் அனுப்பியவர் முகவரியில் தன்னுடையதைப் போடுவதில்லை, தான் அடிக்க நினைப்பவரின் முகவரியைப் போடுகிறான். பெரிய பதில் முழுவதும் அந்த அப்பாவியின் தலையில் போய் விழுகிறது. எஸ்எஸ்டிபியில் இந்தப் பெருக்கம் 30.8 மடங்கு என்று அமெரிக்கக் கணினி அவசர ஆயத்தக் குழு 2014 எச்சரிக்கையில் குறித்திருக்கிறது. திரையில் தெரிந்த வெளிநாட்டு முகவரிகளை எழுதி எடுத்து யாரிடமாவது முறையிட வேண்டும் என்று எழும்பினேன். "அவங்க கள்ளன் இல்ல சின்னம்மா, அடி வாங்குற ஆக்கள்" என்றார். எங்கள் வீட்டு அலுமாரி மேலிருந்து முகம் தெரியாத ஒருவருக்கு அடி போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு டேட்டா போனதை விட வலித்தது. 2016இல் மிராய் என்ற நிரல், மாற்றாத பாஸ்வேர்டுள்ள இப்படியான கமராப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும்தான் ஆயிரக்கணக்கில் பிடித்து, அந்த ஒக்டோபர் 21 பெரிய இணையத்தளங்களையே முடக்கியது என்றும் சொன்னார்.

ரவுட்டரை நிறுத்திப் போட்டால் ஏன் ஒன்றரை நாள் குறைந்தது என்பதும் அப்போது விளங்கியது. நிறுத்திப் போட்டால் எங்கள் இணைப்புக்கு வெளி முகவரி புதிதாகக் கிடைக்கும். தேடித் திரிபவர்கள் புது முகவரியைக் கண்டுபிடிக்கும்வரை அமைதி.

திருத்த அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. டிஎம்இசட்டை நிறுத்தினோம். ரவுட்டரில் யூபிஎன்பியையும் நிறுத்தினோம், ஏனென்றால் அது திறந்திருந்தால் உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேளாமல் வாசல் திறந்துகொள்ளலாம். போர்ட் திறப்புப் பட்டியலில் கிடந்த இரண்டு பழைய வரிகளை அழித்தோம். கமராப் பெட்டியின் பாஸ்வேர்டை மாற்றி, அதற்குள் இருந்த யூபிஎன்பியையும் டெல்நெட்டையும் நிறுத்தினோம். கட்டாரில் படம் பார்க்க, பெட்டியிலேயே இருந்த கியூஆர் குறியீட்டு வழியைப் போட்டோம். அதில் பெட்டி தானாக வெளியே போய் இணையும், வெளியிலிருந்து வாசல் திறந்துவைக்கத் தேவையில்லை. பூட்டிய நாளிலேயே அதைச் செய்திருக்கலாம். யூபிஎன்பியை நிறுத்தியதால் வட்ஸ்அப் அழைப்புக்கோ சூமுக்கோ ஒன்றும் ஆகவில்லை. சில ஒன்லைன் விளையாட்டுகள் முறைப்பாடு சொல்லலாம், எங்கள் வீட்டில் அது இல்லை. ஐஜிஎம்பியைத் திருப்பிப் போட்டோம், மாமியின் ரீவி வந்தது. கடைசியாகப் பெட்டியை நிறுத்திப் போட்டுப் புது முகவரி எடுத்து, திரும்பப் பத்து நிமிடம் அளந்தோம். ஒரு எம்பிகூட ஏறவில்லை.

கமரா பூட்டுபவர் வீட்டுக்கு வந்தால், வேலை முடிந்து காசு கொடுக்க முன், "ரவுட்டரில் என்ன மாற்றினீர்கள்? டிஎம்இசட் போட்டீர்களா? எந்தப் போர்ட் திறந்தீர்கள்? பெட்டியின் பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதுங்கள். அவர் போனதும் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் டிஎம்இசட் அமைப்பே உங்களுக்குத் தெரியாவிட்டால், சில இணைப்புகளில் அது நிறுவனத்தின் கணக்கில் மட்டும்தான் தெரியும், அவர்களுக்கு எடுத்து நிறுத்தச் சொல்லலாம். கேட்டால் செய்து தருகிறார்கள். "டேட்டா ஏன் போகிறது" என்று கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. "டிஎம்இசட்டில் ஏதாவது போட்டிருக்கிறதா" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

இந்த மாதம் 24ஆம் திகதி பார்த்தபோது 38 ஜிபி மிச்சம். புது ரவுட்டரைத் திருப்பி எடுக்கக் கடையில் சம்மதிக்கவில்லை, அது மேல் அறையில் வைஃபைக்கு நிற்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையிடமும் அவன் தாயிடமும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். புது பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "பரவாயில்ல அன்ரி" என்று வாங்கிக்கொண்டான். எங்கள் விறாந்தைக்கு இன்னும் வரவில்லை. தங்கள் மதில் ஓரத்தில், சமிக்ஞை எட்டும் இடத்தில் கதிரையைப் போட்டு இருந்து படிக்கிறான்.